1991 மஸ்டா எம்.எக்ஸ்-5: செப்பாங் கிளப் பந்தயத்துக்கு எங்கிருந்து தொடங்குவது?

செந்தூல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மாமா ஒருவர் நெடுங்காலம் வைத்திருந்த யூனோஸ் ரோட்ஸ்டர், அதாவது முதல் தலைமுறை மஸ்டா எம்.எக்ஸ்-5, இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 1991ஆம் ஆண்டு வண்டி, 1.6 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல், துணிக்கூரை. எஞ்சின் ஓடுகிறது. ஆனால் சில ஆண்டுகளாகச் செந்தூலில் வீட்டு வாசலிலேயே மழையிலும் வெயிலிலும் நின்ற வண்டி என்பதால் எதையும் நம்பிவிட மனம் வரவில்லை.

செப்பாங்கில் டிராக் டே நடக்கும் நாள்களில் வேறு காரை ஓட்டிப் பழகியிருக்கிறேன். அடுத்த ஆண்டு இந்த வண்டியைக் கிளப் அளவிலான பந்தயத்தில் முறையாகப் பெயர் கொடுத்து ஓட்ட வேண்டும் என்பது என் எண்ணம். வண்டி வேலைக்காக 30,000 ரிங்கிட் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஒரு நண்பர், கிள்ளானில் பாதியாக வெட்டிய பழைய கார்களை (ஹாஃப்-கட்) விற்கும் கடைகளில் 1.8 எஞ்சின் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், எஞ்சினை விட்டுவிட்டு நல்ல காயில்ஓவரும் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த சஸ்பென்ஷன் தொகுப்பு) அகலமான ரிம்மும் வாங்கச் சொல்கிறார்.

என் கேள்விகள் இவை. எஞ்சினை மாற்றுவது தேவையா? எடையைக் குறைக்க ஏர்கண்டிஷன், ஹீட்டர், கம்பளம், டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள குழாய்கள் அனைத்தையும் பள்ளி விடுமுறையில் கழற்றிவிடத் திட்டமிட்டிருக்கிறேன். அதில் தவறு ஏதும் உண்டா? வண்டி புரண்டால் காக்கும் எஃகுக் குழாய்க் கூடான ரோல் கேஜை போல்ட் போட்டுப் பொருத்தினால், வார நாள்களில் வேலைக்கும் இதே காரில் போய்வர முடியுமா?

———

பழைய பத்துதீகா எழுதியது:

தம்பி, நல்ல வண்டி கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ 950 கிலோ எடை, பின்சக்கர இயக்கம், நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். பந்தயம் பழக இதைவிடப் பொருத்தமான பழைய வண்டி நம் நாட்டில் எளிதில் அகப்படாது. ஷா ஆலத்தில் பத்து தீகா தடம் 2003இல் மூடப்படும்வரை அங்கும், அதன் பிறகு செப்பாங்கிலும் தடத்தோரத்தில் தொண்டூழியம் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பழைய வண்டிகள் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் வேகம் போதாமல் அல்ல, சூடு தாங்காமல். ஆகவே உங்கள் 30,000 ரிங்கிட்டில் முதல் வெள்ளி எங்கே போக வேண்டும் என்பதையும் சூட்டை வைத்தே முடிவு செய்யுங்கள்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் விதிப்புத்தகத்தை எடுங்கள். மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் போட்டி உரிமம் உங்களுக்கு வேண்டும். அதற்கு மேல், ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஏற்பாட்டாளர் தனியாகத் துணை விதிகள் வெளியிடுவார். எந்த எஞ்சின் கொள்ளளவு எந்த வகுப்பில் சேரும், வேறு எஞ்சின் மாற்றலாமா, எடை எவ்வளவுக்குக் குறையக் கூடாது, எந்த வகை டயர் செல்லும், கூரையில்லாத காரை ஏற்றுக்கொள்வார்களா அல்லது ஹார்ட்டாப் எனப்படும் கடினக் கூரை கட்டாயமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நீங்கள் ஓட நினைக்கும் தொடரின் துணை விதிகளைக் கேட்டு வாங்கி, உங்கள் வண்டி எந்த வகுப்பில் நிற்கும் என்று உறுதி செய்துகொண்ட பிறகு செலவழிக்கும் பணம் ஒன்றுகூட வீணாகாது.

1.8 எஞ்சின் பற்றி. 1.6இல் 115 முதல் 120 குதிரைத்திறன், 1.8இல் சுமார் 130. செப்பாங் தடம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். பின்பக்க நேர்ப்பாதையும் முன்பக்க நேர்ப்பாதையும் 15ஆவது வளைவைக் கொண்டையூசிபோல் நடுவில் வைத்து அடுத்தடுத்து வருகின்றன. அந்த இரண்டு நேர்ப்பாதைகளிலும் உங்களைவிடப் பெரிய எஞ்சின் எதுவானாலும் தாண்டிப் போகும். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூடுதலாகக் கிடைக்கும் பத்துப் பதினைந்து குதிரைத்திறனுக்காக நீங்கள் மேல் வகுப்புக்குப் போக நேர்ந்தால், அங்கே இதைவிடப் பல மடங்கு சக்தியுள்ள வண்டிகளோடு ஓடுவீர்கள். உள்ள எஞ்சினை நலமாக வைத்துக்கொண்டு உங்கள் வகுப்பிலேயே ஓடுங்கள்.

ஹீட்டரைக் கழற்றப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மட்டும் நிறுத்துங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த பி6 எஞ்சின் முதலில் மஸ்டா 323 போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் குறுக்காகப் பொருத்துவதற்காக வடிவமைக்கப்பட்டது. அந்தக் கார்களில் குளிர்ந்த தண்ணீர் முன்முனையில் வாட்டர் பம்ப் வழியாக நுழைந்து, நான்கு சிலிண்டர்களையும் கடந்து, சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் தெர்மோஸ்டாட் வழியாக வெளியேறும். எம்.எக்ஸ்-5இல் எஞ்சினை நீளவாக்கில் திருப்பி வைத்தபோது பின்முனை, எஞ்சினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்பான பயர்வாலை ஒட்டிப் போய்விட்டது. அங்கே இடமில்லாததால் தெர்மோஸ்டாட்டை முன்முனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். விளைவு, தண்ணீர் முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறுகிறது. பின்னாலுள்ள நான்காவது சிலிண்டருக்குப் போதிய ஓட்டம் கிடைப்பதில்லை. ஹெட்டின் பின்முனையிலிருந்து தண்ணீர் வெளியேற மிஞ்சியிருக்கும் ஒரே வழி, ஹீட்டருக்குப் போகும் அந்தச் சிறிய குழாய்தான். எடையைக் குறைக்கிறேன் என்று ஹீட்டரைக் கழற்றி அந்த வாயை அடைத்துவிட்டால், ஏற்கெனவே அதிகச் சூட்டில் ஓடும் சிலிண்டரின் கடைசி வாசலையும் மூடியதாகிறது. சாலையில் ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. செப்பாங்கில் பிற்பகல் மூன்று மணிக்கு, தார்த்தளத்தின் வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கும் வேளையில், ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சினை 7,000 சுழற்சி வரை விரட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

வசதியிருந்தால், தெர்மோஸ்டாட்டை மறுபடியும் ஹெட்டின் பின்முனைக்கு மாற்றி, அங்கிருந்து ரேடியேட்டருக்குப் பெரிய குழாய் இழுக்கும் வேலையைச் செய்துகொள்ளுங்கள். அதற்கென்றே பொருத்துபாகங்கள் செட்டாக விற்கிறார்கள். இப்போதைக்கு அது வேண்டாம் என்றால் ஹீட்டரை உள்ளபடியே விடுங்கள். ஏர்கண்டிஷனைத் தாராளமாகக் கழற்றலாம். ரேடியேட்டருக்கு முன்னாலிருக்கும் கண்டென்சர் போவதால் காற்றோட்டமும் கூடும்.

ரேடியேட்டரின் மேல் தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. புதிதில் கறுப்பாக இருக்கும். நாள்பட நாள்பட வெளுத்துப் பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்துக்கு மாறும். அந்த நிறத்தில் இருந்தால் விரிசல் விடப் போகிறது என்று பொருள். முழு அலுமினிய ரேடியேட்டர் ஒன்று வாங்குங்கள். அதைவிட முக்கியம், முன் பம்பருக்கு அடியில் இருக்க வேண்டிய கறுப்புத் தட்டு. பழைய வண்டிகளில் பெரும்பாலும் அது உடைந்து எங்கோ விழுந்திருக்கும், யாரும் திரும்ப வாங்கிப் போடுவதில்லை. அது இல்லாவிட்டால் வாய்வழியாக நுழையும் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் கீழ்வழியாகத் தப்பிவிடும். ரேடியேட்டரின் இரு பக்கங்களிலும் உள்ள இடைவெளிகளை அலுமினியத் தகடோ ஸ்பாஞ்சோ வைத்து அடையுங்கள். அதிகச் செலவில்லாமல் கிடைக்கும் பெரிய பயன் அது. நம் நாட்டில் தண்ணீர் உறையும் பேச்சே இல்லை. ஆகவே கிளைகால் கூலண்ட்டை விட்டுவிட்டு, காய்ச்சி வடித்த நீரோடு துருத்தடுப்பு மருந்து கலந்து ஊற்றுவதே சிறந்தது. வெறும் தண்ணீர் சூட்டை நன்றாகக் கடத்தும். தடத்தில் சிந்தினாலும் பின்னால் வருபவருக்கு வழுக்காது.

டாஷ்போர்டில் உள்ள வெப்பமானியின் முள் மிக விரிந்த ஓர் எல்லைக்குள் அசையாமல் நடுவிலேயே நிற்கும். அது நகரும்போது காலம் கடந்திருக்கும். எண்ணாகக் காட்டும் வெப்பமானியும், ஆயில் அழுத்தம் குறைந்தால் கண்ணைப் பறிக்கும் சிவப்பு விளக்கும் பொருத்துங்கள்.

கடைசியாக ஒன்று. 1991 வண்டி என்பதால் கிராங்க் ஷாஃப்டின் மூக்கை, அதாவது புல்லி பொருந்தும் அதன் முன்நுனியைப் பாருங்கள். ஆரம்பக்கால 1.6 எஞ்சின்களில் அந்த மூக்கு குட்டையானது. டைமிங் பெல்ட் மாற்றியவர் போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருந்தால், சாவி எனப்படும் சிறு உலோகத் துண்டு உட்காரும் பள்ளம் தேய்ந்து, டைமிங் பின்தங்கி, முடிவில் கிராங்கே வீணாகும். முன்னாலிருந்து கிராங்க் புல்லியின் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள்: நான்கு வெட்டுகள் தெரிந்தால் குட்டை மூக்கு, எட்டு தெரிந்தால் நீண்ட மூக்கு.

———

கிள்ளான் பட்டறை எழுதியது:

பெரியவர் எஞ்சினைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் இரும்பு வேலை செய்பவன். கேஜையும் தகட்டையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மழையில் நின்ற எம்.எக்ஸ்-5 என்றவுடன் நான் முதலில் பார்ப்பது சில் எனப்படும் பக்கச் சட்டத்தின் பின்பகுதி, பின்சக்கர வளைவுக்குச் சற்று முன்னால். துணிக்கூரையின் மேல் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகால் துளைகள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். வீட்டு வாசலில் மாமரமோ வேம்போ இருந்தால் சருகு விழுந்து அந்தத் துளைகள் அடைத்துக்கொள்ளும். நீர் சில்லுக்குள் தேங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். ஒரு சிறிய சுத்தியலின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடமோ, புட்டி பூசிய இடமோ மொத்தென்று ஒலிக்கும். அங்கே துரு இருந்தால் அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்த பிறகுதான் கேஜைப் பற்றிப் பேசலாம். இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் கேஜின் பிரதான வளைவின் கால்கள் அந்த இடத்துக்கு அருகில்தான் தரையில் ஊன்றுகின்றன. மட்கிய தரையில் ஊன்றிய குழாய் வண்டி புரளும்போது அதைக் கிழித்துக்கொண்டு கீழே போகும்.

கேஜுக்கான அளவுகளை உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் ஜே பின்னிணைப்பு, 253ஆவது பிரிவு சொல்கிறது. குழாய் குளிர்முறையில் இழுத்த, மூட்டில்லாத கார்பன் எஃகாக இருக்க வேண்டும். பிரதான வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிப்பும், அல்லது 50க்கு 2.0, மற்ற பகுதிகளுக்கு 38க்கு 2.5, அல்லது 40க்கு 2.0. பிரதான வளைவின் கால்களுக்கு அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிப்பும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள வலுவூட்டுத் தகடு வைக்க வேண்டும். போல்ட் என்றால் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது மூன்று, எம்8 அளவில், 8.8 தரத்தில். அழகுக்காகப் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் குழாயில் வளைத்து, தரையில் இரண்டு போல்ட் மட்டும் போட்டு விற்கப்படும் கேஜ்களைப் பார்த்திருக்கிறேன். உயிரை அதனிடம் ஒப்படைக்காதீர்கள்.

பலர் வரிசையை மாற்றிச் செய்கிறார்கள். முதலில் பந்தய இருக்கையை வாங்கி, தரையோடு தரையாகப் பொருத்தி, ஹெல்மெட் அணிந்து, பெல்ட் இறுக்கி உட்காருங்கள். அதற்குப் பிறகுதான் கேஜுக்கு அளவெடுக்க வேண்டும். இந்தக் கார் மிகச் சிறியது; உயரமானவரின் தலை வளைவின் கோட்டுக்கு மேலே நிற்கும். பிரதான வளைவின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பு வரை ஒரு நேரான கம்பை வைத்துப் பாருங்கள். உங்கள் ஹெல்மெட் அந்தக் கம்புக்குக் கீழே குறைந்தது ஐந்து சென்டிமீட்டராவது இறங்கியிருக்க வேண்டும். தோள் பெல்ட்டுகளைக் கட்டும் குறுக்குக் குழாயின் உயரமும் அப்போதுதான் தெரியும். தோளிலிருந்து பெல்ட் பின்னோக்கிச் சாயும் கோணம் 45 பாகையைத் தாண்டக் கூடாது, 10 பாகைக்குள் இருந்தால் மிகவும் நல்லது. பெல்ட்டைத் தரையில் கட்டினால் மோதலின்போது அது முதுகெலும்பை மேலிருந்து கீழாக அழுத்தும்.

வேலைக்குப் போய்வரும் எண்ணத்தைக் கைவிடுங்கள், தம்பி. ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றிச் சாலையில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். அதைவிட எனக்குக் கவலை தருவது இதுதான்: ஹெல்மெட் இல்லாமல், சாதாரண பெல்ட்டோடு, தலைக்கு அருகில் எஃகுக் குழாயை வைத்துக்கொண்டு ஜாலான் ஈப்போ நெரிசலில் நிற்கும்போது யாராவது பின்னால் மோதினால், மண்டை அந்தக் குழாயில்தான் அடிபடும். பந்தய வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள். வாடகை டிரெய்லர் போதும்.

———

செந்தூல்வாசி எழுதியது:

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. புல்லியில் டார்ச் அடித்துப் பார்த்தேன்: நான்கு வெட்டுகள்தான், குட்டை மூக்கு. ஆனால் எஞ்சின் ஓடும்போது புல்லி தள்ளாடவில்லை. சில்லைத் தட்டியதில் இடப்பக்கம் ஒலி மந்தமாக இருக்கிறது. தகடு வேலை இருக்கும்போலத் தெரிகிறது. ஹீட்டரைத் தொடப் போவதில்லை. பிரேக்கைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. 1.6இல் முன் டிஸ்க் சிறியது என்பதால் 1.8இன் பெரிய டிஸ்க்கும் காலிப்பரும் வாங்கலாமா? தொழில்நுட்பச் சோதனையில் என்னென்ன பார்ப்பார்கள் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

———

பூச்சோங் மலர் எழுதியது:

வணக்கம், தம்பி. நான் சில ஆண்டுகளாகக் கிளப் பந்தயங்களில் ஓட்டி வருகிறேன். சோதனை மேசையில் உதவியதும் உண்டு.

முன் டிஸ்க் 1.6இல் 235 மில்லிமீட்டர், 1.8இல் 255. மாற்றுவது நல்லதுதான், விதி அனுமதித்தால். ஆனால் முதல் பருவத்துக்கு உங்கள் டிஸ்க்கே போதும்; பேடும் எண்ணெயும்தான் போதாது. முன்பக்க நேர்ப்பாதையின் முடிவில் முதல் வளைவுக்கு முழு வேகத்திலிருந்து அழுத்துவீர்கள். அதன் பிறகு நான்கு, ஒன்பது, பதினான்கு, பதினைந்து. பதினான்காவது வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டியிருப்பதால், அங்கே பெடல் உள்ளே போய்விட்டால் தப்பிக்க வழி குறைவு. சாலைக்கான பேட் இரண்டாவது மூன்றாவது சுற்றிலேயே பிடிப்பை இழக்கும். பந்தயப் பேட் வாங்குங்கள். வாங்கியபின் தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி சூடேற்றிப் படிய வையுங்கள்.

பிரேக் எண்ணெயைப் பற்றி நான் மிகவும் கண்டிப்பாக இருப்பேன். டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி. அதே எண்ணெய் 3.7 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சியபின் கொதிநிலை 155 பாகை வரை இறங்கலாம். நம் ஊர் ஈரப்பதத்தில், திறந்து வைத்த டின்னும் சரி, பழைய ரப்பர் குழாய்க்குள் இருக்கும் எண்ணெயும் சரி, ஈரத்தை விடாமல் குடித்துக்கொண்டே இருக்கும். பந்தயத்துக்கென்று 300 பாகைக்கு மேல் கொதிக்கும் எண்ணெய்கள் விற்கிறார்கள். அவற்றில் ஒன்றை ஊற்றி, ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் நான்கு சக்கரங்களிலும் புதிய எண்ணெய் வரும்வரை வடியுங்கள். பாதி மிஞ்சிய டின்னை அடுத்த முறைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். ரப்பர் குழாய்களை இழையெஃகு குழாய்களாக மாற்றிவிடுங்கள். முன் பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்றுக்குழாய் ஒன்று இழுத்தால் பேடின் ஆயுள் கண்கூடாக நீளும்.

சோதனையில் முதலில் பார்ப்பது தேதிகளை. எஃப்.ஐ.ஏ. முத்திரையுள்ள பெல்ட்டின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். 8855-1999 தர இருக்கைக்கும் ஐந்து ஆண்டுகள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய பெல்ட்டை வாங்கினால், அதன் துணி எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், லேபிளில் காலாவதியாகியிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஹெல்மெட் கார் பந்தயத்துக்கான ஸ்னெல் எஸ்.ஏ. தர வகையாக இருக்கட்டும், மோட்டார் சைக்கிளுக்கான ஹெல்மெட்டில் தீத்தடுப்பு உள்துணி கிடையாது. கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி, தீத்தடுப்பு உடை, கையுறை, காலணி, உள்ளாடை ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒதுக்கிய தொகையில் மூன்றில் ஒரு பங்கு கேஜுக்கும் இவற்றுக்குமே போய்விடும். அந்தப் பங்கில் கை வைக்காதீர்கள்.

வெளியே மின் துண்டிப்புக்கு நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறி, தீயணைப்பானுக்கு வெள்ளை வட்டத்தில் சிவப்பு நிற ஆங்கில ‘E’ எழுத்து, இழுவைக் கொக்கிகளுக்குத் தெளிவான நிறம். துண்டிப்பு விசையைப் போட்டால் எஞ்சின் நிற்க வேண்டும். விளக்குகள் மட்டும் அணைந்து, ஆல்டர்னேட்டர் மின்சாரத்தில் எஞ்சின் தொடர்ந்து ஓடுமானால் அது தோல்வி. தீயணைப்பானை உலோகப் பட்டைகளால் கட்டியிருக்க வேண்டும், பிளாஸ்டிக் கொக்கியால் அல்ல. பேட்டரியின் நேர்முனைக்கு மூடி வேண்டும். இந்தக் காரில் பேட்டரி பின்பெட்டிக்குள் இருப்பதால் பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

ஹீட்டர் விஷயத்தில் பெரியவர் சொன்னதோடு இன்னொரு காரணத்தையும் சேர்க்கிறேன். செப்பாங்கில் பிற்பகல் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஹார்ட்டாப் போட்ட வண்டியில், வியர்த்துக் கொட்டும் ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்க, வெளியே மழை விழுந்ததும் முன்கண்ணாடி அரைச் சுற்றுக்குள் பால்போல் மங்கிவிடும். அப்போது கண்ணாடிக்குச் சூடான காற்றை ஊத அந்த ஹீட்டரின் விசிறி ஒன்றுதான் இருக்கும்.

உங்கள் உடம்பையும் கவனியுங்கள். தீத்தடுப்பு உடைக்குள் இருபது நிமிடம் என்பது நம் வெயிலில் விளையாட்டல்ல. முந்தைய நாளிலிருந்தே தண்ணீர் குடித்து வையுங்கள். ஓட்டும்போது தலை லேசாகத் தோன்றினால் அந்தச் சுற்றோடு பிட்டுக்குள் வந்துவிடுங்கள்.

———

செராஸ் கியர்பெட்டி எழுதியது:

1.8 பற்றிப் பெரியவர் சொன்னதில் எனக்குச் சற்று மாறுபாடு உண்டு. எஞ்சின் குதிரைத்திறனுக்காக அல்ல, பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபெரன்ஷியலுக்காகச் சொல்கிறேன். ஆரம்ப 1.6 வண்டியில் இருப்பது ஆறு அங்குல ரிங் கியர், 1.8இல் ஏழு அங்குலம், அதிலும் சிலவற்றில், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டார்சன் எல்.எஸ்.டி. கிடைக்கும். பிடிப்பு அதிகமுள்ள டயரோடு ஓடத் தொடங்கினால் சிறிய டிஃபெரன்ஷியல்தான் முதலில் சத்தம் போடும். குட்டை மூக்கு கிராங்க் என்று தம்பி உறுதி செய்துவிட்டார். அந்த எஞ்சினைப் பிரித்துப் பணம் செலவழிப்பதைவிட, ஒரே ஹாஃப்-கட்டில் 1.8 எஞ்சின், டிஃபெரன்ஷியல், அரை அச்சுகள், பெரிய பிரேக் எல்லாம் சேர்ந்து வந்தால் கணக்குப் பார்ப்பதில் தவறில்லை. வகுப்பு மாறுமா என்று விதியைப் பார்த்துக்கொண்டால் போதும்.

———

பழைய பத்துதீகா எழுதியது:

டிஃபெரன்ஷியல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. விதி இடம் கொடுத்தால் 1.8இன் பின்பகுதியை மட்டும் 1.6 எஞ்சினோடு சேர்த்துப் பொருத்திக்கொள்ளலாம், பலர் அப்படிச் செய்கிறார்கள். எஞ்சினைப் பொறுத்தவரை என் கருத்து மாறவில்லை. புல்லி தள்ளாடவில்லை என்று தம்பி சொல்கிறார். டைமிங் பெல்ட்டை எப்படியும் மாற்றத்தான் போகிறார். அப்போது புல்லியைக் கழற்றிச் சாவியையும் பள்ளத்தையும் கண்ணால் பார்த்து, தேய்மானம் இல்லையென்றால் புதிய சாவியும் புதிய போல்ட்டும் போட்டு, டார்க் ரெஞ்சால் புத்தகத்தில் உள்ள அளவுக்கு முறுக்கட்டும். கம்ப்ரஷன் சோதனையில் நான்கு சிலிண்டரும் ஒத்திருந்தால் அந்த எஞ்சின் ஓடும். தேய்மானம் தெரிந்தால் அப்போது உங்கள் யோசனைக்கு நானே கைதூக்குகிறேன். ஹாஃப்-கட் எஞ்சினும் முப்பது ஆண்டுப் பழையதுதான். அதன் கதை நமக்குத் தெரியாது, இதன் கதை மாமாவுக்குத் தெரியும்.

———

செந்தூல்வாசி எழுதியது:

அப்படியானால் இடப்பக்கச் சில்லின் தகடு வேலை, டைமிங் பெல்ட்டோடு கிராங்க் மூக்கைப் பார்ப்பது, ரேடியேட்டரும் அடித்தட்டும், இருக்கை, அதன் பிறகு கேஜ், பிரேக் என்ற வரிசையில் போகிறேன். காயில்ஓவரைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். மலர் அக்கா, டயரும் அலைன்மென்ட்டும் பற்றி ஒரு வரி சொல்ல முடியுமா? ரிம் 15 அங்குலம் வாங்கலாமா?

———

பூச்சோங் மலர் எழுதியது:

15 அங்குலம், ஏழு அங்குல அகலம், போல்ட் வட்டம் நான்குக்கு நூறு. டயர் 195/50 அல்லது 205/50. பக்கத்து ஹோண்டாக்காரரிடமிருந்தும் ரிம் கடன் வாங்கலாம், ஆஃப்செட்டையும் நடுத்துளை அளவையும் பார்த்துக்கொண்டால். காயில்ஓவருக்கு முன்னால் சஸ்பென்ஷன் மூட்டுகளிலுள்ள ரப்பர் புஷ்களை மாற்றுங்கள். முப்பது ஆண்டு ரப்பர் வெடித்துப் போயிருக்கும். அதன் மேல் என்ன அலைன்மென்ட் செய்தாலும் முதல் வளைவிலேயே கோணம் மாறிவிடும். புஷ் மாற்றியபின், நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும் எடையோடு அலைன்மென்ட் செய்யச் சொல்லுங்கள். முன்சக்கர கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) மைனஸ் இரண்டரைப் பாகை, பின்னாலும் ஏறக்குறைய அவ்வளவே, முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சுழியம், பின்னால் சிறிதளவு டோ-இன் என்று தொடங்குங்கள். டயரை 26 அல்லது 27 பி.எஸ்.ஐ. குளிர்ந்த அழுத்தத்தில் வைத்து, பிட்டுக்கு வந்த உடனே சூட்டோடு அளந்து ஒரு நோட்டில் குறியுங்கள். காலை ஓட்டத்துக்கும் பிற்பகல் ஓட்டத்துக்கும் செப்பாங்கில் எண்கள் நன்றாகவே வேறுபடும்.

முன்சக்கர ஹப்களையும் மறக்க வேண்டாம். பிடிப்புள்ள டயர் போட்டதும் அவைதான் தளரும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சிறிதளவு ஆட்டம் தெரிந்தாலும் ஹப்பை மாற்றிவிட்டு ஓட்டுங்கள். ஜாக்கியைச் சில்லின் ஓர மடிப்பில் குறித்த இடத்தில் மட்டும் வையுங்கள். நடுவிலுள்ள சேஸ்ஸி ரெயிலில் வைத்தால் அது நசுங்கிவிடும், புதுத் தகடு வைத்த பக்கமாக இருந்தாலும்.